இளவரசியின் வம்சாவளியும் மங்கையின் பென்சில் கோடும்

1

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைகுடாவிலிருந்து எழுதுகிறவர்கள் வெயிலையும் பிரிவையும் பற்றி எழுதுகிறார்கள். நான் அஜ்மானில் வீட்டுக்காரரோடும் மகளோடும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறவள். பிரிவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. பொறாமையைப் பற்றி எழுதலாம், அதில் கைதேர்ந்தவள்.

போன வெள்ளிக்கிழமை வீடு மாறினோம். பெரிய தூரமில்லை, இரண்டு தெரு தள்ளி இன்னொரு கட்டடம். என் வீட்டுக்காரர் தியாகு கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அபி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன் புத்தகங்களை மட்டும் பெட்டியில் அடுக்கினாள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. நான் பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துழாவினேன். சுருட்டிய சார்ட் ஒன்று என் தலைமேல் விழுந்தது, மூன்று வருடத் தூசியோடு.

"ஓ, மை இங்கெபோர்க்" என்றாள் அபி.

"தூக்கிப் போட்றவா?"

"நோ மம்மி. அத்தை வில் கில் மீ."

இந்த அத்தை என்கிற வார்த்தை என் உபயம். அதை எப்படி வாங்கிக் கொடுத்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

மங்கை என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் மகள். முறைப்பெண். அவள் பிறந்த அன்றே, இவள் தியாகுவுக்குத்தான் என்று பட்டுக்கோட்டையில் பேசி முடித்துவிட்டார்களாம். பிறகு இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வரப்புத் தகராறில் மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. அந்த மூன்று வருடத்துக்குள் மன்னார்குடியிலிருந்து என்னைப் பார்த்து, பேசி, தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் மனைவியானது அந்த வரப்பின் புண்ணியத்தில்தான்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "சொந்தத்தை விட்டு அசல்ல எடுத்தாச்சு" என்பார். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்கிற மாதிரிதான் சொல்வார். நானோ ஒற்றைப் பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமாவது போய்ப் புலம்பியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

சமாதானம் ஆனபிறகு மங்கை வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தாள். வந்த முதல் நாளே வாசலில் நின்று, "அத்தான், மாடு கண்ணு போட்டுருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நான் கல்யாணமான நாளிலிருந்து அவரை 'என்னங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். அது தெருவில் போகிற யாருக்கும் பொருந்துகிற வார்த்தை. அத்தான் என்பது அவருக்கு மட்டுமே பொருந்தும். அதைச் சொல்லும் பாத்தியதை அவளிடம் இருந்தது.

அவள் சரித்திரத்தில் எம்.ஏ. படித்தாள், பி.எட். முடித்தாள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள், கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகவே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன்.

3

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். சார்ஜாவில் இவர் வேலை பார்க்கும் குடோனுக்குப் போக, விடிவதற்குள் கிளம்பினால்தான் உண்டு என்கிற நெரிசல். ஒருநாள் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"மங்கை இங்க வேலை தேடணுங்குறா. விசிட் விசா எடுத்துக் குடுன்னு மாமா போன் பண்ணாரு."

"எடுத்துக் குடுங்களேன். நானா வேணாங்குறேன்" என்றேன். வேண்டாம் என்றுதான் இருந்தது.

கொடுமை என்னவென்றால், விசாவுக்கான ஃபாரம் அடிக்கும் டைப்பிங் சென்டரில்தான் எனக்கு வேலை. எங்கள் முதலாளி கோழிக்கோட்டுக்காரர், அரபி விசைப்பலகையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர். ஊரெல்லாம் தன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் வரவழைக்க என் முன்னால் வந்து உட்காரும். அன்று என் புருஷன் வந்து உட்கார்ந்தார், தன் முறைப்பெண்ணின் பாஸ்போர்ட் நகலோடு.

பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் அடித்துவிட்டு 'உறவு' என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"மாமா பொண்ணுன்னு போடு" என்றார்.

அரபியில் அதற்குத் தனி வார்த்தையே இருக்கிறது. பிந்த் கால், தாய்மாமன் மகள். நம்மைப் போலவே அவர்களுக்கும் அது கட்டிக்கொள்ளும் முறை. என் விரல் ஓடவில்லை. "சகோதரின்னு போட்டா சீக்கிரம் கெடைக்கும்" என்று சொல்லி, உக்த் என்று அடித்துவிட்டேன்.

"தங்கச்சியா? அவளா?" என்றார்.

அந்த 'அவளா' எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரி இரண்டு பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தகப்பனார் பெயர்கள் மேல் விரலை வைத்தார்.

"சிஸ்டர்? ஃபாதர் நேம் டிஃபரன்ட். எப்படி?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"மிஸ்டேக்" என்றார் இவர்.

"கலாஸ், ஃபினிஷ். நியூ ஃபாரம். யல்லா, கோ."

திரும்பப் போய் என் கையாலேயே பிந்த் கால் என்று அடித்தேன். விசாவும் வந்தது. ஃபாரத்தில் எழுதினால் மட்டும் ஒருத்தி தங்கை ஆகிவிட மாட்டாள் என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

4

விமான நிலையத்தில் அபி கேட்டாள். "வாட் டு ஐ கால் ஹர், டாடி?"

"சித்தின்னு கூப்பிடு."

முறைப்படி சரிதான். அப்பாவுக்கு முறைப்பெண் என்றால் பிள்ளைகளுக்குச் சித்திதான். எனக்கு அது தெரியாதா என்ன. ஆனால் என் காதில் விழுந்தது வேறு. ஒரு வீட்டில் அம்மா இருக்கும்போதே இன்னொரு அம்மாவுக்கு இடம் போடுகிற மாதிரி விழுந்தது.

எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம். மங்கை அபியோடு கூடத்தில் பாயில் படுத்துக்கொண்டாள். காலையில் எனக்கு முன் எழுந்து பால் காய்ச்சினாள். என்னை வாய் நிறைய அக்கா என்றாள். "அக்கா, நீங்க கெளம்புங்க, பாத்திரத்தை நான் பாத்துக்குறேன்" என்பாள். நல்லவளாக வேறு இருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அபிக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திர புராஜக்ட் வந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு ராணியைக் கொடுத்தார்கள். அபிக்கு டென்மார்க் இளவரசி இங்கெபோர்க். "நோபடி நோஸ் ஹர்" என்று சீட்டை மேஜையில் எறிந்தாள். அவளுடைய வம்சாவளியை வரைந்து, எந்தெந்த ராஜ குடும்பத்தோடு எப்படி உறவு என்று காட்ட வேண்டும்.

நான் டைப்பிங் சென்டரிலிருந்து இன்டர்நெட்டில் எடுத்த பத்துப் பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மங்கை அதைத் தரையில் பரப்பி வைத்து ஒரே நாளில் ஊர்க்கதை ஆக்கிவிட்டாள்.

"இங்க பாரு அபி, இவ அப்பா டென்மார்க் ராஜா. அப்பாவோட அம்மா கீவ் நகரத்து ராஜா பொண்ணு, அவங்க பேரும் இங்கெபோர்க்தான். நம்மூரு மாதிரியே அப்பத்தா பேரை வச்சிருக்காங்க. அண்ணங்காரன் ஒருத்தன் ராஜா, அடுத்தவன் பின்னால ராஜா. கூடப்பிறந்தவ ஒருத்திய ஸ்வீடனுக்குக் குடுத்தாங்க, இன்னொருத்திய ஜெர்மன் பக்கம் குடுத்தாங்க. இவளை பிரான்சுக்குக் குடுத்தாங்க."

"குடுத்தாங்க மீன்ஸ்?"

"கட்டிக் குடுத்தாங்க."

அபி அதைத் திருப்பிச் சொன்னாள். கட்டிக் குடுத்தாங்க. பதின்மூன்று வருடமாக நான் தமிழில் பேசு பேசு என்று கெஞ்சியும், மிரட்டியும், வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அனுப்பியும் வராத தமிழ், மூன்று வாரத்தில் ஒரு டேனிஷ் இளவரசியைச் சாக்கு வைத்து வந்துவிட்டது. கொழுந்தனார், நாத்தனார், சம்பந்தி என்று அபி வாயில் நுழையாத வார்த்தை இல்லை. வேறு தாயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது.

கதையைக் கேட்டுக்கொண்டே நான் சமையற்கட்டில் நின்றிருந்தேன். பிரான்ஸ் ராஜாவுக்கு முதல் மனைவி செத்துப்போயிருந்தாள். டென்மார்க்கின் கப்பற்படை தனக்கு உதவும் என்று நினைத்து இந்தப் பெண்ணைக் கேட்டுக் கட்டிக்கொண்டார். கட்டிய மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் காரணம் காட்ட வேண்டுமே. சொந்தத்தில் கட்டினால், மனைவியின் சொந்தத்தில் கட்டினாலும்கூட, அவர்கள் மதத்தில் செல்லாது. ஆகவே, செத்துப்போன முதல் மனைவிக்கு இவள் ஒருவகையில் உறவு என்று ஒரு வம்சாவளியைத் தயார் பண்ணி, பெரிய மனிதர்களை வைத்துச் சத்தியம் பண்ணி, திருமணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு பிரெஞ்சு தெரியாது. என்ன நடக்கிறது என்றுகூட விளங்காமல் சபையில் நின்றவளுக்கு ஒருவர் தீர்ப்பை மொழிபெயர்த்துச் சொன்னார். அவள் தெரிந்த இரண்டொரு லத்தீன் வார்த்தையில், கெட்ட பிரான்ஸ் என்று சொல்லி, ரோம், ரோம் என்று அழுதாளாம். போப்பிடம் முறையிடுகிறாள் என்று அர்த்தம். அவள் பிறந்த வீட்டார் சரியான வம்சாவளியை எழுதிக்கொண்டு போப்பிடம் போனார்கள். போப் ராஜாவின் கணக்கை ஏற்கவில்லை. ராஜாவும் அசையவில்லை, வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். இங்கெபோர்க் இருபது வருடம் அடைபட்டுக் கிடந்தாள். நான் ராணிதான் என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காக இல்லை, எனக்காக. அங்கே சொந்தம் என்று சொல்லி ஒருத்தியை வெளியே தள்ளினார்கள். நான் சொந்தமில்லை என்பதாலேயே பதினான்கு வருடமாக வாசற்படியில் நிற்கிற மாதிரி இருந்தேன்.

5

வம்சாவளியை எப்படி வரைவது என்று அபிக்குப் பிடிபடவில்லை. ஆகவே மங்கை சார்ட்டின் ஓரத்தில் மாதிரிக்கு எங்கள் குடும்பத்தையே பென்சிலால் வரைந்து காட்டியிருந்தாள். தமிழில், அழகான வாத்தியார் கையெழுத்து. தியாகு, கனகா, கீழே அபி. என் பெயருக்குப் பக்கத்தில் மங்கை. அதற்கு அடியில் அடைப்புக்குள் 'சித்தி'.

பெரிய படத்தில் பிரான்ஸ் ராஜாவுக்குப் பக்கத்தில் அவருடைய மூன்று மனைவிகளும் ஒரே வரிசையில் நின்றிருந்தார்கள். ஓரத்திலும் அதே வரிசைதான் எனக்குத் தெரிந்தது. என் புருஷன், நான், எனக்குப் பக்கத்தில் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் நான் வத்தல் பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அபி கேட்பது கேட்டது.

"அங்க கசின்ஸ் மேரி பண்ணக்கூடாது. நம்ம ஊர்ல பண்ணலாம். கரெக்டா?"

"மாமா பொண்ணு, அத்தை பையன்னா பண்ணலாம்."

"அப்ப நீங்களும் டாடியும்?"

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

"ஆமா, பேசித்தான் வச்சிருந்தாங்க" என்றாள் மங்கை.

"ஸோ யூ குட் ஹாவ் பீன் மை மம்?"

மங்கை சிரித்தாள். "உங்கப்பாவையா? தின்ன தட்டைக் கழுவாத மனுசன். தப்பிச்சேன்டி. உங்கம்மாதான் மாட்டிக்கிட்டாங்க."

இதில் கோபப்பட என்ன இருக்கிறது. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அபியின் கேள்வி மட்டும்தான் கேட்டது. கையில் ஜல்லிக்கரண்டியோடு கூடத்துக்கு வந்தேன்.

"அபி, இனிமே இவங்களை சித்தின்னு கூப்பிடாத. அத்தைன்னு கூப்பிடு. அப்பாவுக்கு இவங்க தங்கச்சி மாதிரி."

"பட் டாடி செட்..."

"நான் சொல்றேன்ல. அத்தை."

இவர் படுக்கையறை வாசலில் வந்து நின்றார். மங்கை என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அத்தையாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

பென்சிலைக் கீழே வைத்தாள். "சரிங்க அண்ணி" என்றாள்.

அதோடு அக்கா போய்விட்டது. அன்று சாப்பிடும்போது இவரிடம், "ரசம் போடட்டுமாண்ணே" என்று கேட்டாள். இவர் தலையைத் தூக்காமல் போடு என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை இவர் வேலைக்கும், அபி பள்ளிக்கூடத்துக்கும், மங்கை ஒரு நேர்முகத் தேர்வுக்கும் போனபிறகு, அபியின் ரப்பரை எடுத்து ஓரத்தில் இருந்ததை அழித்தேன். சித்தியை அழித்தேன், கோடுகளை அழித்தேன், மங்கையின் பெயரையும் அழித்தேன். பிறகு ஸ்கேல் வைத்து, தியாகுவுக்கு அந்தப் பக்கத்தில் அவளைக் கொண்டுபோய் எழுதி, அண்ணன் தங்கை என்று கோடு இழுத்து, அத்தை என்று போட்டேன். கவுண்டர் அதிகாரி ஏற்காததை சார்ட் ஏற்றுக்கொண்டது. பிரான்ஸ் ராஜாவுக்கு வம்சாவளி எழுதிக் கொடுத்தவர்களும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பத்து நாளில் மங்கைக்கு அல் ஐனில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. தங்க இடமும் அங்கேயே. பையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வரேண்ணி" என்று கிளம்பினாள். அந்த சார்ட்டுக்கு வகுப்பில் முதல் பரிசு கிடைத்தது.

6

மூன்று வருடம் ஆகிவிட்டது. அபி என்னிடம் ஆங்கிலத்திலும் அத்தையிடம் தமிழிலும் பேசுகிறாள். தலைக்கு எண்ணெய் வைக்கலாமா, எந்த குரூப் எடுக்கலாம், எந்தத் தோழியோடு சண்டை, எல்லாம் அல் ஐனுக்குப் போனில் போகிறது. எனக்கு வந்துசேர்வது சுருக்கம் மட்டும். பள்ளிக்கூடத்து ஃபாரத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற கட்டத்தில் போன மாதம் அவளே மங்கையின் பெயரை எழுதினாள். உறவு: அத்தை, அப்பாவின் தங்கை. நான்தான் அவள் மனதில் அப்படிப் பதியவைத்தேன், திருத்தச் சொல்ல வாய் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கட்டிலும் பீரோவும் இறங்கிப் போய்விட்டன. இவர் கீழே வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். திரைச்சீலை கழற்றிய ஜன்னலிலிருந்து வெயில் நேராகத் தரையில் விழுந்தது. நான் சார்ட்டைப் பிரித்து வைத்து, நடுவில் அந்த இளவரசியைப் பார்த்தேன். அவளுக்கும் அவள் கூடப்பிறந்தவர்களுக்கும் தலைக்கு மேலே ஒரே ஒரு நீளக்கோடு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் அந்தக் கோட்டிலிருந்துதான் இறங்குகிறார்கள். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் பக்கவாட்டில் இரட்டைக் கோடு. படம் முழுக்க அதுதான் முறை.

ஓரத்தில் நான் எழுதிய 'அத்தை' பளிச்சென்று இருந்தது. ரப்பர் போட்ட இடத்தில் பென்சில் அழுத்திய பள்ளம் மிச்சமிருந்தது. சார்ட்டை வெயிலுக்குச் சாய்த்தேன். எழுத்து தெரிந்தது. மங்கை. சித்தி. அவள் பெயருக்கும் இவர் பெயருக்கும் நடுவில் எந்தக் கோடும் இல்லை. இரட்டைக் கோடும் இல்லை, ஒற்றைக் கோடும் இல்லை. அவள் தலைக்கு மேலே ஒரு நீளக்கோடு ஓடி, என் தலைக்கு மேலே வந்து முடிந்திருந்தது.

கனகா, மங்கை. இரண்டு பேரும் ஒரே கோட்டிலிருந்து இறங்கியிருந்தோம். அபிக்கு அவள் சித்தியானது அப்பா வழியாக இல்லை. எனக்குத் தங்கையாக எழுதிக்கொண்டு சித்தியாகியிருக்கிறாள்.

ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவளுக்கு ஒரு தங்கை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் அதை ரப்பர் போட்டு அழித்து, அவளை எடுத்து என் புருஷன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், ஸ்கேல் வைத்து.

தரையில் உட்கார்ந்தபடியே அவளுக்கு போன் போட்டேன்.

"சொல்லுங்கண்ணி. வீடு மாறியாச்சா?"

"மங்கை, அந்த சார்ட்டு கெடைச்சுது. இங்கெபோர்க்கு."

"இன்னும் இருக்கா அது?"

"ஓரத்துல நீ மொதல்ல எழுதுனது, அழிச்சும் தெரியுது. கோடு தெரியுது."

சார்ட்டை இன்னும் கொஞ்சம் வெயிலுக்குத் திருப்பினேன்.

"நான் அப்பவே கேட்டேனே" என்றாள் மங்கை. "அத்தையாக்கான்னு."

"கேட்ட. நான் சரியாப் பாக்கலை."

"பரவால்ல விடுங்க."

மறுபடி அக்கா என்று கூப்பிடு என்று சொல்ல நினைத்தேன். கேட்டால் அவள் கூப்பிடுவாள், நல்லவள். கேட்டு வாங்கிக்கொள்கிற முறை அது இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன்.

"அபி இருக்காளா? குடுங்கண்ணி, ஒரு விசயம் கேக்கணும்."

கொடுத்தேன். அபி ஜன்னலோரமாகப் போய் நின்று, "சொல்லுங்க அத்தை" என்று ஆரம்பித்தாள். என்ன விசயமோ, சிரித்தாள். நல்ல தமிழில் என்னென்னவோ பேசினாள். நான் சார்ட்டைச் சுருட்டி ரப்பர்பேண்டு போட்டு, புது வீட்டுக்குப் போகிற பெட்டியில் மேலாக வைத்தேன்.